நாத சுத்தியும் வெள்ளை ஈயும்

கொழிஞ்சாம்பாறை சந்தை வீதியில் பொள்ளாச்சி பஸ்சுக்கு நிற்கும் கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் ஞாயிறுதோறும் என் உரக்கடை வாசலில் நின்றது. யூரியா வாங்க அல்ல. யூரியா வாங்க வந்தவர்களும் வரிசையைப் பார்த்ததும் யூரியாவை மறந்துவிட்டுக் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் மஞ்சள் கயிறு சுற்றிய பென்டிரைவ்.

பென்டிரைவுக்குள் பாட்டு. பாட்டுக்குள் தோஷம். அந்தத் தோஷத்தைக் கழிக்கத்தான் எல்லோரும் என் கடைக்கு மேலிருந்த மாடிக்கு ஏறினார்கள். கல்யாண வீடியோப் பாட்டு, சீர் பாட்டு, கோயில் கமிட்டியின் அதிகாலைப் பாட்டு என்று எது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஒருவர் தன் காளையின் கழுத்து மணியைப் பதிவு செய்து கொண்டுவந்தார். அதிலும் தோஷம் இருந்தது.

மாடியில் இருந்தவர் நாதசித்தர் மோகனசுந்தரம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு ஓரம் தார்ப்பாய் விரித்து இயர்போனும் போன் கவரும் விற்றவர். நடுவில் இரண்டு வருஷம் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது தாடி இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் தவம் செய்ததாகச் சொன்னார். சவரம் செய்யாமல் இருந்தால் சமவெளியிலும் தாடி வளரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் மாடியை அவருக்கு வாடகைக்கு விட்டவன் நான்தான். கருப்புசாமி என்றால் இந்த வீதியில் எல்லோருக்கும் தெரியும். 'ஓங்கார நாத சுத்தி நிலையம்' என்று தமிழில் ஒரு பலகை, அதற்குக் கீழே, ஊர் எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருப்பதால், பஞ்சாயத்து லைசன்சுக்காக மலையாளத்தில் ஒரு பலகை. இரண்டையும் மாட்ட ஏணி பிடித்ததும் நான்தான்.

சுத்தி நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். சாம்பிராணிப் புகை. ஒரு கம்ப்யூட்டர், ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். அவற்றுக்கு நடுவே புலித்தோல் அச்சடித்த கம்பளி தரைவரை தொங்கும் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு தாமிரப் பெட்டி, பெட்டியின் தலையில் ஒரே ஒரு குமிழ். ஆயிரம் வருஷம் கடலோசை கேட்ட சங்கு அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக ஐதீகம். சித்தர் முதலில் பாட்டை அப்படியே போடுவார். அது தோஷ நாதம். எல்லோரும் முகத்தைச் சுளிக்க வேண்டும், சுளிப்பார்கள். பிறகு அவர் கண்ணை மூடி, மந்திரம் முணுமுணுத்து, குமிழை மெல்லத் திருகுவார். பாட்டு பொங்கி எழும். அது சுத்த நாதம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், சில பெண்கள் அழுவார்கள். எனக்கும் மயிர்க்கால் சிலிர்த்தது, மறைப்பானேன்.

முடிந்ததும் பென்டிரைவின் வாயில் விபூதி அடைத்துத் தருவார். அதைக் கொண்டுபோய்ச் செருகி மூன்று டிவியும் ஒரு டிராக்டர் ஸ்டீரியோவும் பழுதாயின. தோஷம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்று சித்தர் விளக்கினார். டிராக்டர்காரர் அடுத்த வாரம் இன்னொரு பென்டிரைவோடு வந்தார்.

அந்த வருஷம் எங்கள் பக்கத் தென்னந்தோப்புகளில் வெள்ளை ஈ அடித்தது. கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து அதிகாரி வந்து, ஓலைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுங்கள், வேப்பெண்ணெய் தெளியுங்கள், மஞ்சள் அட்டை கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தாடி இல்லாததால் யாரும் கேட்கவில்லை. தோஷமுள்ள குரல்கள் காற்றில் கலப்பதால்தான் ஈ வருகிறது என்று மாடியிலிருந்து வாக்கு வந்தது. தென்னை நாதம் என்று ஒரு பாட்டைக் காலையும் மாலையும் தோப்பில் போட வேண்டுமாம். ஊரே தோப்புக்குத் தோப்பு ஸ்பீக்கர் கட்டியது. என் கடையில் வேப்பெண்ணெய் டின்கள் தூசி படிந்தன. அன்றைக்குத்தான் எனக்குப் பகுத்தறிவு வந்தது. எனக்கெல்லாம் அது வர வேறு வழி இல்லை.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வள்ளியாத்தாள் விஷயம் வரும்வரை.

வள்ளியாத்தாளும் அவள் புருஷன் ஆறுச்சாமியும் ஊருக்குக் கிழக்கே தோட்டத்தில் இருப்பவர்கள். ஆறு ஏக்கர் தென்னை, நாலு மாடு. ஆறுச்சாமி எங்கள் வள்ளி கும்மிக் குழுவுக்குத் தலைவர். அறுபது பேர் ஒரே நிறச் சேலையும் சட்டையுமாக ஆடுவார்கள். அத்தனை பேரையும் தன் ஒரு குரலால் கட்டி ஆட வைப்பவள் வள்ளியாத்தாள். இருபது வருஷமாக அவள் பாடாமல் இந்தப் பக்கம் ஒரு கும்மி நடந்ததில்லை. தைப்பூசத்தன்று புதுக் குழுவுக்கு அரங்கேற்றம். அதற்காகப் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த ஸ்டுடியோக்காரர் உடுக்கை, பம்பை, கீபோர்டு, வள்ளியாத்தாள் எல்லாவற்றையும் முழுச் சத்தத்தில் ஒன்றாகக் கொட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் போட்டுக் கேட்ட ஆறுச்சாமிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நல்ல காது அவருக்கு. சரியாகத்தான் சந்தேகப்பட்டார், தப்பான மாடிப்படியில் ஏறினார்.

சித்தர் மூன்று நிமிஷம் கண்ணை மூடினார். குற்றம் பாட்டில் இல்லை, பாடியவள் குரலில் என்றார். இந்தக் குரல் விழுந்த இடம் வாடும். நாற்பத்தொரு நாள் மௌனம், அதற்குமேல் பெரிய பரிகாரம். அரங்கேற்றத்தில் அவள் பாடவே கூடாது, அதற்குச் சுத்தி செய்த குரல் ஒன்று அவரிடமே இருக்கிறதாம்.

இரண்டு நாளில் ஊருக்கே சேதி பரவிவிட்டது. யாருடைய போர்வெல்லில் தண்ணீர் இறங்கினாலும் அவள் குரல். யார் தோப்பில் ஈ மொய்த்தாலும் அவள் குரல். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மரியாதையாகவே வந்து, கொஞ்ச நாளைக்கு வாய் திறக்க வேண்டாமுங்க அக்கா என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் திறக்கவில்லை. கடையில் சாமான் வேண்டுமென்றால் கையால் காட்டினாள். சாயங்காலம் ஆறுச்சாமி மாடுகளைக் கூப்பிட்டுப் பார்த்தார், நாலும் அசையவில்லை, அவற்றுக்கு அவள் குரல்தான் தெரியும். ஒரு நாள் அவள் என் கடைக்கு முன்னால் பஸ்சுக்கு நின்றபோது யாரோ போனில் கும்மிப் பாட்டுப் போட்டார்கள். உதடு தானாக அசைந்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பொம்பளையின் வாயை அடைக்க இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்பதும், அதற்கு இடம் கொடுத்தவன் நான் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அவள் மகள் மௌனிகா கொச்சியில் நர்சிங் படிக்கிறாள். அம்மாவிடமிருந்து போனில் பதிலே வராததால் ஊருக்கு வந்துவிட்டாள். கூடவே விடுதித் தோழி ஒருத்தியையும் அழைத்து வந்தாள். பெயர் கற்பகம். மலைமேல் மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த பெண். கொச்சியில் ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸிங் எஞ்சினியர்.

அது என்ன வேலை என்று கேட்டேன். பாடுகிறவர், அடிக்கிறவர், ஊதுகிறவர் எல்லோரையும் தனித்தனியாகப் பதிவு செய்து கொடுப்பார்களாம். எதை முன்னால் நிறுத்துவது, எதைப் பின்னால் தள்ளுவது, எதை அந்த இடத்தில் பேசாமல் இருக்கச் சொல்வது என்று பார்த்து ஒரே பாட்டாக ஆக்குவது அவள் வேலையாம். முடித்ததும் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்பாளாம், போனில் கேட்பாளாம், பஸ்சில் போட்டுக் கேட்பாளாம். எங்கே கேட்டாலும் பாட்டு பாட்டாக இருக்க வேண்டுமாம். அப்படியானால் உனக்கு நல்ல பேர் இருக்குமே என்றேன்.

"கேக்கிறவங்களுக்கு நான்னு ஒருத்தி இருக்கதே தெரியக்கூடாது அண்ணாச்சி. தெரிஞ்சுதுன்னா என் வேல சரியில்லன்னு அர்த்தம்" என்றாள்.

மேலே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன்னைத் தவிர வேறு எதையும் யாருக்கும் தெரியவிடாமல் செய்துகொண்டிருந்தார். நான் மாடிப்படியைக் காட்டினேன்.

சனிக்கிழமை அவளும் தட்டோடு போனாள். அரை மணி நேரத்தில் இறங்கி வந்து, ஒரு டீ வாங்கித் தரச் சொன்னாள். போனில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஒரு மீட்டர் வைத்திருந்தாள். தோஷ நாதத்துக்கும் சுத்த நாதத்துக்கும் பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, சத்தம் மட்டும் கூடியிருக்கிறது என்றாள். அவ்வளவுதானா என்றேன். என் சிலிர்ப்பு எனக்கு அவ்வளவு மலிவாகத் தோன்றவில்லை.

"ஒரே பாட்ட ரெண்டு தடவ போட்டு, ரெண்டாவது தடவ கொஞ்சம் சத்தம் கூட்டிட்டா அதுதான் நல்லாருக்குன்னு காது சொல்லும். எங்க காதும் சொல்லும். அதனாலதான் நாங்க ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சுட்டுத்தான் எது நல்லதுன்னு பாப்போம். குமிழத் திருகும்போதெல்லாம் அந்தக் கம்பளி அடியில ஆடுதே, பாத்தீங்களா? அவரு என்னைக்காவது சம்மணம் போட்டு உக்காந்து சுத்தி பண்ணிருக்காரா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. நாட்டில் சித்தர் படம் எதை எடுத்தாலும் சம்மணம்தான். எங்கள் சித்தர் மட்டும் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டே ஞானம் அடைந்திருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. வள்ளியாத்தாளின் மௌனத்துக்கு இருபத்தொன்பதாம் நாள். நடுவில் ஒரு சுத்திக்குச் சித்தர் வரச்சொல்லியிருந்ததால் ஆறுச்சாமி அவளைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாடி நிறைந்து படிக்கட்டிலும் ஆட்கள். நான் கீழே கடை ஷட்டரோடு வீதிக் கதவையும் பூட்டிவிட்டு மேலே போனேன். வள்ளியாத்தாளின் பாட்டு தோஷ நாதமாக ஓடியது. எல்லோரும் வள்ளியாத்தாளைப் பார்த்தார்கள். சித்தர் குமிழில் கை வைத்தபோது கற்பகம் எழுந்தாள்.

ஒரே ஒரு வேண்டுதல் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். சாமி கால் இரண்டையும் நாற்காலிமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு அந்தக் குமிழைத் திருக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

சித்தர் புன்னகை செய்தார். தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது என்றார். கூட்டம் ஆமாம் என்றது. கற்பகம் தெய்வத்தைச் சம்மணம் போடச் சொல்லவில்லையே என்றாள். உடனே சித்தருக்கு முட்டிவலி வந்தது. தவத்தில் தேய்ந்த முட்டி, மடங்காது என்றார்.

எனக்கு அப்போதுதான் நாக்கு வந்தது.

"ஏனுங் சாமி, போன மாசம் எங்கூட்டு விருந்துல பந்தியில சம்மணம் போட்டுத்தானுங்களே உக்காந்தீங்க? மூணாவது தடவ பாயசம் ஊத்தற வரைக்கும் எந்திரிக்கலீங்களே" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மெல்ல முன்னால் வந்தது. சித்தர் என்னைப் பார்த்த பார்வையில் வாடகை ஒப்பந்தம் எரிந்தது. அந்த நேரத்தில் ஆறுச்சாமி தலையைத் தூக்கி, உக்காருங்க சாமி, ஒரு தடவதானுங்களே என்றார். சித்தர் பேச்சைக் கேட்டுப் பொண்டாட்டியை ஊமையாக்கிய மனுஷன் கேட்கிறார், மறுக்க முடியவில்லை. சித்தர் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டார். முட்டி நன்றாகவே மடங்கியது.

குமிழைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்ப்பக்கம் திருகினார். மந்திரத்தை உரக்கச் சொன்னார். பாட்டு அதே சத்தத்தில் அதன் பாட்டுக்கு ஓடியது. அழுத்தித் திருகியதில் குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது. மௌனிகா போய்க் கம்பளியைத் தூக்கினாள். அடியில் ஒரு பெடல் இருந்தது. கீபோர்டு வாசிப்பவர்கள் காலால் மிதித்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பார்களே, அதுதான். கற்பகம் குனிந்து கையால் அதை அழுத்தினாள். மந்திரம் இல்லாமல், சாம்பிராணி இல்லாமல் சுத்த நாதம் பொங்கி வந்தது. மௌனிகா தாமிரப் பெட்டியையும் திறந்து கவிழ்த்தாள். சங்கு இல்லை. விற்காமல் போன இயர்போன் கட்டு ஒன்று விழுந்தது.

இத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஊரை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. டிராக்டர்காரர் எழுந்து, சாமி காலிலும் சக்தி இருக்கலாமுங்களே என்று கேட்டார். கற்பகம் பெடலை அவர் முன்னால் தள்ளி, மிதிக்கச் சொன்னாள். மிதித்தார். பாட்டு பொங்கியது. மனுஷன் தன் காலையே சற்று நேரம் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

மோகனசுந்தரம் லேசில் விடுகிற ஆள் இல்லை. பெடல் ஒரு கருவி, அவ்வளவுதான், அந்தக் குரலில் தோஷம் இருப்பது நிஜம், நீங்களே காதால் கேட்டீர்கள் என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. வள்ளியாத்தாள் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

கற்பகம் தன் லேப்டாப்பை அந்த ஸ்பீக்கர்களில் இணைத்தாள். பொள்ளாச்சி ஸ்டுடியோவிலிருந்து தனித்தனிப் பதிவுகளை மௌனிகா முன்பே வாங்கி வைத்திருந்தாள். முதலில் வள்ளியாத்தாள் குரலை மட்டும் போட்டாள். கீபோர்டு இல்லை, பம்பை இல்லை, வெறும் குரல். ஒரு மாசமாக இந்த ஊர் கேட்காத குரல் அது. எனக்குப் பழைய சிலிர்ப்பு திரும்பி வந்தது, இந்தத் தடவை யாரும் பெடல் மிதிக்கவில்லை.

பிறகு கீபோர்டைச் சேர்த்தாள். குரல் அமுங்கியது. தோஷம் இதுதான் என்றாள். குரல் நிற்கிற அதே இடத்தில் கீபோர்டும் இரண்டு கையையும் பரப்பி உட்கார்ந்திருக்கிறது, பம்பையின் எதிரொலி மிச்சத்தை மூடுகிறது, அவள் என்ன செய்வாள் பாவம் என்றாள்.

"மிக்ஸுன்னா மேல மேல சேக்கது இல்ல. வழிவிடச் சொல்லுதது. நான் இந்த அம்மா குரல்ல ஒண்ணும் சேக்கல. மத்தவங்கள நவுந்து நிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனா நான் சொல்லுதேன்னும் நம்பாதீங்க. நானும் சத்தத்தக் கூட்டி ஏமாத்தலாம்ல?"

தான் செய்த மிக்ஸையும் ஸ்டுடியோக்காரர் கொடுத்ததையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தாள். மீட்டரை முன்வரிசையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னாள். பிறகு லேப்டாப்பை மௌனிகாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மௌனிகா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் காசு சுண்டினாள். எது முதலில் வருகிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டையும் கேட்டு முடித்ததும் முதல் பாட்டுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். நாலு கை. இரண்டாவதற்கு மாடி முழுக்கக் கை. அதில் வள்ளியாத்தாள் எல்லோரையும் கையைப் பிடித்துக் கும்மியாடக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. இரண்டாவதுதான் கற்பகம் செய்தது. ஆறுச்சாமியும் கை தூக்கியிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

இந்தச் சந்தடியில் நாற்காலி காலி. சித்தர் படியிறங்கிப் போயிருந்தார். வீதிக் கதவின் சாவி என் மடியில் இருந்ததால் வெகுதூரம் போக முடியவில்லை. ஸ்டேஷனிலிருந்து போலீஸ் வரும்வரை கடைசிப் படியில், அவரால் விற்காமல் அங்கே அடுக்கிக் கிடந்த வேப்பெண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டுத்தான். புகாரை மௌனிகா எழுதினாள், முதல் கையெழுத்து ஆறுச்சாமி, இரண்டாவது நான்.

மேலே கூட்டம் கலைந்திருக்கும் என்று ஏறிப் போனால், கலையவில்லை. வரிசை மறுபடியும் உருவாகியிருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கயிறு பென்டிரைவ், எல்லாம் அப்படியே. இந்த முறை கற்பகத்துக்கு முன்னால். லேப்டாப்பின் மூடியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். டிராக்டர்காரர்தான் முதலில் நின்றார்.

"அம்மிணி, உங்க கை நல்ல கைங்க. இந்த வெள்ளை ஈ போறதுக்கு ஒரு பாட்ட மிக்ஸ் பண்ணிக் குடுங்க" என்று தட்டை நீட்டினார்.

கற்பகம் லேப்டாப் மூடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். அப்போது வள்ளியாத்தாள் எழுந்து தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். மௌனத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. ஆறுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"எங்கொரலுனாலதான் தோப்புல ஈ அடிக்குதுன்னீங்க. செரின்னு வாய மூடிட்டேனுங்க. இன்னிக்கு இருவத்தொம்பது நாளாச்சு" என்றாள். நெடுநாள் பேசாததால் குரல் கரகரத்தது. "நா வாய மூடினதுக்கப்பறம் ஈ போச்சா, இல்லியான்னு தோப்புக்குப் போயி ஒரு ஓலையத் திருப்பிப் பாத்த ஆளு உங்கள்ல ஒருத்தராச்சும் இருக்கீங்களா?"

ஒருவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று தென்னை நிற்கிறது, கைக்கு எட்டும் உயரத்தில் ஓலை தொங்குகிறது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பக்கமும் ஏதாவது ஓலை தொங்கும். யாரையும் கேட்காமல் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.